பதினாலு பாயிண்ட் ரெண்டு

பண்ணாரி ஆத்தா மேல சத்தியமாச் சொல்றேனுங்க தம்பி, இதுல ஒரு சொல்லு பொய்யில்லை. பொய்யிருந்தா இந்த பஸ்ஸோட பின் டயரு ரெண்டும் இப்பவே வெடிக்கட்டும். வெடிக்கலைங்களா? அப்பறமென்ன. அதுக்கு மேல சாட்சி வேணும்னா நான் எங்க போறது.

கண்டக்டரு திரும்பிப் பாக்கறாரு பாருங்க. சத்தமாச் சொல்லிப்போட்டேனாட்ட இருக்குது. பரவாயில்லை. சத்தியத்தைச் சத்தமாத்தான் பண்ணோணும், மீதியை மெதுவாச் சொல்லிக்கலாம். நீங்க சத்தியமங்கலம் வரைக்கும்தானே? போதும். இப்பத்தானே கோபியைத் தாண்டியிருக்குது, அதுக்குள்ள முடிச்சுப்போடலாம்.

என் பேரு நாச்சிமுத்துங்க. கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஆட்டோ எலெக்ட்ரிக் கடை, நாப்பத்தொன்பது வருசமா. வண்டியில லைட்டு, ஹாரன், பேட்டரி, சார்ஜு, எதுன்னாலும் எங்கிட்டத்தான். மீட்டரெல்லாம் நேத்து வந்ததுங்க. நான் பேட்டரி வயரை நாக்குல வெச்சே பன்னண்டு பாயிண்ட் மூணு, பன்னண்டு பாயிண்ட் நாலுன்னு சொல்லிப்போடுவேன். ஒருக்கா திம்பம் மலையில, பதினெட்டாவது வளைவுல, ஒரு லாரி பேட்டரி செத்து நின்னுபோச்சு. தள்ளறதுக்கு ஆளில்லை. காட்டுக்குள்ள இருந்து ஒரு யானை எட்டிப் பாத்துது. நான் பேட்டரியில மிச்சமிருந்த உசுருல ஹெட்லைட்டை ரெண்டு தடவை சிமிட்டிக் காட்டினேன். அது பொறுமையா வந்து பின்னால முட்டுக் கொடுத்துது. ரெண்டாவது கியருல வண்டி பத்திக்கிச்சு. சரி, அதை விடுங்க. அது வேற. அதை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் இப்பச் சொல்லப் போறது நடந்தது.

வசந்தமணி டீச்சருன்னு ஒருத்தங்க. பெண்கள் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்து ஹெட்மிஸ்ட்ரஸா ரிட்டயர் ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கலை. அப்பா சின்னதுலயே போயிட்டாரு. தம்பி ஒருத்தன், லோகநாதன்னு பேரு. அவனைப் படிக்க வெச்சு ஆளாக்கி முடிக்கறப்போ இவங்களுக்கு நாப்பது தாண்டிருச்சு. அவன் இப்போ கோயமுத்தூருல பம்பு செட்டு கம்பெனியில மேனேஜரு. பேசறதும் பம்பு மாதிரித்தான். சுவிட்சைப் போட்டா நிக்காது.

டீச்சரம்மாகிட்ட ஒரு வெள்ளை அம்பாசிடர் காரு. அதை ஓட்டறவன் ராக்கியப்பன். இப்போ அவன் இவன்னு சொல்லக்கூடாது, ஆனா நாப்பது வருசப் பழக்கம், வாயில வந்துருது. சம்சாரம் தவறிப் பத்து வருசமாச்சு. மகளைத் திருப்பூருல கட்டிக் கொடுத்துட்டான். இருபத்திரண்டு வருசமா அந்த வண்டியில டீச்சரம்மா பின்சீட்டு, ராக்கியப்பன் ஸ்டீரிங்கு. ரெண்டு பேருக்கும் பேச்சுன்னு பாத்தா, இவன் காலையில “போலாமுங்களா” ம்பான். அவங்க பொழுதோட “ஊட்டுக்கு விடுங்க ராக்கியப்பன்” ம்பாங்க. அவ்வளவுதான்.

ஆயுத பூஜை முடிஞ்சு எட்டாம் நாளு அந்த வண்டிக்குக் கிறுக்குப் புடிச்சுது. ஹெட்லைட்டு ஒருக்கா கண்ணைப் பறிக்கும், ஒருக்கா அகல் விளக்காட்ட அழுது வடியும். ஹாரன் அடிச்சா ஒரு தடவை காளை, மறு தடவை கன்னுக்குட்டி. ரெண்டு பல்பு போச்சு. பேட்டரி செத்துது. புதுசு போட்டாங்க. பத்து நாளுல அதும் செத்துது.

தீபாவளிக்கு லோகநாதன் வந்தான். அக்காளை வண்டியில ஏத்திக்கிட்டு, ராக்கியப்பனை ஓட்டச் சொல்லி, நேரா என் கடைக்கே வந்துட்டான்.

“நாச்சிமுத்தண்ணா, ரெண்டே வாரத்துல ரெண்டு பேட்டரி. பேட்டரியை வண்டி திங்குதா, இல்லை டிரைவர் திங்கறானா?”

“அதெப்படிங்க தம்பி திங்கறது?”

“புது பேட்டரியைக் கழட்டி வெளிய தள்ளிட்டு, செத்ததை உள்ள வெக்கறது. எங்க கம்பெனியிலயே நான் எத்தனை பேரைப் புடிச்சிருக்கறேன்.”

ராக்கியப்பன் பக்கத்துலதான் நிக்கறான். சுத்தமா இருக்கற பானட்டையே துணி போட்டுத் தொடைச்சுக்கிட்டு இருக்கறான். கை மட்டும் வட்டம் வட்டமாப் போகுது. டீச்சரம்மா பின்சீட்டுல இருந்து அந்தக் கையையே பாக்கறாங்க.

“லோகு, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.”

“உனக்கு ஊரே நல்லவங்கதான் அக்கா. இங்க பாரு. கோயமுத்தூருல இந்த வண்டியைக் கேட்டு ஒரு பார்ட்டி ரெடியா இருக்குது. ஓடற வண்டியாக் குடுங்கங்கறாங்க. கார்த்திகை தீபத்துக்கு நான் வருவேன். அதுக்குள்ள சரியாச்சுன்னா வண்டியை வித்துப்போட்டு உன்னையக் கூட்டிட்டுப் போயிருவேன். சரியாகலையா, பேட்டரியைத் திருடினது இவன்தான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு, அதுக்கப்பறம் உன்னையக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

ராக்கியப்பன் ஒரு திருகாணிகூட எடுக்காதவன். என் கடையில அவன் டீ குடிச்சா டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போவான். அவனைத் திருடன்னு சொல்லிப்போட்டான். நான் உடனே சொல்லிப்போட்டேன், “தம்பி, இது திருட்டில்லை, சார்ஜு கோளாறு. தீபத்துக்குள்ள நான் கண்டுபுடிக்கறேன்” னு. எப்படியாவது வண்டியைச் சரி பண்ணி ராக்கியப்பனைக் காப்பாத்திருவோம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். சரியானாலும் வண்டி போகும், வண்டியோட அவன் வேலையும் போகும்னு அந்த நிமிசத்துல தோணலை. மனுசன் ஒரு நேரத்துக்கு ஒண்ணைத்தானுங்க யோசிக்க முடியும்.

சார்ஜுன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லோணுமில்லை. இஞ்சின் ஓடறப்போ பெல்ட்டு ஆல்டர்னேட்டரைச் சுத்தும். அது கரண்டு உண்டாக்கி பேட்டரிக்கு ஊட்டும். கட்டவுட்டுன்னு ஒண்ணு இருக்குது, அது நடுவுல நின்னு அளவு பாக்கும். நல்ல வண்டின்னா பதினாலு பாயிண்ட் ரெண்டு வோல்ட்டு. அதுல அசையாம நிக்கோணும். குறைஞ்சா பேட்டரி பட்டினி, ஏறினா தண்ணி கொதிச்சுச் சுண்டிரும். இந்த வண்டியில மீட்டரை வெச்சா முள்ளு பன்னண்டுக்கும் பதினாறுக்கும் நடுவுல ஊஞ்சலாடுது.

பெல்ட்டைக் கட்டை விரலால அமுக்கிப் பாத்தேன், சரியான விறைப்பு. ஆல்டர்னேட்டரைக் கழட்டி கார்பன் பிரஷ் பாத்தேன், புதுசாட்ட இருக்குது. கட்டவுட்டை மாத்திப் போட்டேன். பேட்டரி முனையில பூத்த உப்பைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவினேன். கடை வாசல்ல நிக்கறப்போ பதினாலு பாயிண்ட் ரெண்டு, தங்கமாட்ட நிக்குது. ரோட்டுல போனா மறுபடியும் ஊஞ்சல்.

அப்போ ஓடற வண்டியிலதானுங்க பாக்கோணும். டாஷ்போர்டுல ஒரு வோல்ட் மீட்டரை மாட்டி வுட்டேன். ஆரு பாத்து எழுதறது? ராக்கியப்பன் எழுதினா லோகநாதன் நம்ப மாட்டான். திருடனே கணக்கெழுதறானாம்பான். அதனால நான் டீச்சரம்மாகிட்டச் சொன்னேன், “நீங்களே முன்சீட்டுல உக்காந்து மீட்டரைப் பாத்து எழுதிட்டு வாங்க” ன்னு.

“முன்சீட்டுலயா?”

“மீட்டரு அங்கதானுங்க இருக்குது.”

அவங்க ரோட்டைப் பாத்தாங்க, கடைக்காரங்களைப் பாத்தாங்க. ராக்கியப்பன் முன்சீட்டுல இருந்த தன்ற டிபன் கேரியரையும் துண்டையும் எடுத்துப் பின்னால வெச்சான். சீட்டைத் தொடைச்சான். திருப்பித் தொடைச்சான். மூணாவது தடவையும் தொடைக்கப் போனான், டீச்சரம்மா “போதுங்க ராக்கியப்பன், தேஞ்சு போயிரும்” னுட்டு ஏறி உக்காந்துட்டாங்க. இது என் யோசனைங்க தம்பி. இதை நீங்க ஞாபகம் வெச்சுக்கோணும். முன்சீட்டுங்கறது முழுக்க முழுக்க என் யோசனை.

நாலு நாள் கழிச்சு நோட்டைக் கொண்டாந்தாங்க. கணக்கு டீச்சருங்களா, கோடு போட்டு, தேதி, மணி, இடம், வெயிலா மழையா, வோல்ட்டு எத்தனைன்னு கட்டம் கட்டமா எழுதியிருக்கறாங்க. கடைசியில ‘குறிப்பு’ ன்னு ஒரு கட்டம். நான் கேட்டது வோல்ட்டு மட்டும்தான். அந்தக் குறிப்புல பாத்தா, ‘ராக்கியப்பன் வண்டி ஓட்டும்போது மெதுவாகப் பாடுகிறார்’. இன்னொண்ணு, ‘ராக்கியப்பனுக்கு இடது காது மந்தம். பின்சீட்டிலிருந்து நான் பேசியதில் பாதி இத்தனை வருடமும் அவருக்குக் கேட்கவே இல்லை’. இடது காதுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் என்னங்க சம்பந்தம்? படிச்சவங்களே இப்படித்தான். தேவையில்லாததெல்லாம் எழுதிவெப்பாங்க.

ஆனா ரெண்டு குறிப்பு உருப்படி. ஒண்ணு, மழை பேஞ்ச நாளெல்லாம் பதினாலுல நிக்குது, வெயிலடிச்சா ஆடுது. ரெண்டாவது, ‘சோக் குமிழ் சுடுகிறது’. டாஷ்போர்டுல இழுக்கற சோக் இருக்குதில்லைங்க, அந்தக் குமிழு. ராக்கியப்பன் அதைத் தொட்டுப்போட்டுக் கையை உதறினானாம். இவங்க, “எங்க, காட்டுங்க” ன்னு விரலைப் புடிச்சுப் பாத்தாங்களாம். அதையும் எழுதியிருக்கறாங்க.

சோக் குமிழு சுடறதுன்னதும் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுது. நான் கண்டுபுடிச்சுட்டேன். எப்படின்னா, கரண்டு போற வழி ஒண்ணுன்னா, திரும்பி வர்ற வழி ஒண்ணு வேணும். அதை எர்த்துன்னு சொல்லுவோம். இஞ்சினையும் பாடியையும் சேத்து ஒரு பட்டை, செம்புக் கம்பியில பின்னினது, போல்ட்டுப் போட்டு முறுக்கியிருக்கும். அந்த வழி அடைச்சுப் போச்சுன்னா, கரண்டு வேற சந்து தேடும். இஞ்சினுல இருந்து டாஷ்போர்டுக்கு வர்ற சோக் கேபிளு வழியாப் புகுந்து வரும். அத்தனை கரண்டு அந்தச் சின்னக் கம்பியில வந்தா சுடாம என்ன பண்ணும்? மீட்டரை எடுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வெச்சேன், இன்னொரு முனையை இஞ்சினுல வெச்சேன். ரெண்டும் ஒரே எர்த்து. முள்ளு அசையவே கூடாது. ரெண்டரை காட்டுச்சு.

அப்போ ராக்கியப்பனும் டீச்சரம்மாவும் எதிர்க் கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் வண்டிக்கடியில படுத்து அந்தப் போல்ட்டைக் கழட்டினேன்.

கழட்டினா, உள்ள சந்தனமுங்க.

இங்கதான் தம்பி, நீங்க என்னையத் தப்பா நெனைக்கக் கூடாது. ஆயுத பூஜைக்கு எல்லாரும் பானட்டுல பொட்டு வெப்பாங்க, ஸ்டீரிங்குல வெப்பாங்க, முடிஞ்சுது. அது ஊருக்காகப் பண்ற பூஜை. நான் அப்படியில்லை. டீச்சரம்மா வண்டிக்கு வருசா வருசம் நான்தான் பூஜை போடறேன். இந்த வருசம் என்ன தோணுச்சுன்னா, எர்த்து இல்லாம எதுவும் இல்லை, ஆனா அதுக்கு ஒருத்தனும் ஒரு பொட்டு வெக்கறதில்லையேன்னு. பட்டையைக் கழட்டி, குத்துவெளக்காட்டம் புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கினேன். பாடியில அது உக்கார்ற எடத்துல நல்ல கெட்டிச் சந்தனமா வழிச்சு வட்டமா வெச்சு, நடுவுல குங்குமம் வெச்சு, அது மேல பட்டையை வெச்சு முறுக்கினேன். ஈரமா இருந்த வரைக்கும் கரண்டு எப்படியோ போயிருக்குது. எட்டு நாளுல காஞ்சு ஓடாட்டம் ஆயிருச்சு. மழையில நனைஞ்சா விடும், வெயில்ல காஞ்சா அடைக்கும்.

இதுல என் தப்பு எங்கீங்க இருக்குது? சந்தனம் விக்கறவன் கலப்படம் பண்றான். சுத்தமான சந்தனமா இருந்தா கரண்டு போயிருக்கும். நான் பாத்திருக்கறேன்.

சுரண்டி எடுத்து, உப்புத்தாளு போட்டுத் தேய்ச்சு, பட்டையை முறுக்கி, ஓட்டிப் பாத்தேன். பதினாலு பாயிண்ட் ரெண்டு. பள்ளத்துல விட்டேன், மேட்டுல ஏத்தினேன், ஹாரன், லைட்டு, வைப்பரு எல்லாத்தையும் ஒட்டுக்காப் போட்டேன். அசையலை. திரும்பி வந்து கையைத் தொடைக்கறேன், ராக்கியப்பன் வந்து நிக்கறான்.

“அண்ணா, கையெல்லாம் சந்தன வாசம் அடிக்குதுங்க.”

“கோயிலுக்குப் போயிருந்தேன்.”

“கிரீஸ் கையோடவா?”

“சாமிக்கு எல்லாக் கையும் ஒண்ணுதான்டா.”

அவன் ஒரு சிரிப்புச் சிரிச்சான். வெகுளிங்க. எதையும் புரிஞ்சுக்கற ஆளில்லை.

டீச்சரம்மாகிட்ட உடனே சொல்லலை. ஏன்னா என்ன கோளாறுன்னு கேப்பாங்க. கணக்கு டீச்சரு, ஏன் எதுக்குன்னு கேக்காம விடமாட்டாங்க. ரெண்டு நாள் ஓட்டட்டும், அப்பறம் கட்டவுட்டு சரியில்லை மாத்தினேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு நோட்டு வந்துது. தெறந்து பாத்தா, பன்னண்டு பாயிண்ட் ஒண்ணு. பதினஞ்சு பாயிண்ட் எட்டு. பதிமூணு. பதினாறு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நானே வண்டியை எடுத்துட்டுப் போயி ஓட்டிப் பாத்தேன். பதினாலு பாயிண்ட் ரெண்டு. அவங்க எடுத்துட்டுப் போனா நோட்டுல ஊஞ்சல். சரி, மாட்டின மீட்டருதான் கோளாறுன்னு மீட்டரை மாத்தினேன். மறுபடியும் நோட்டுல ஊஞ்சல். அந்த எர்த்துப் பட்டையை நாலு தடவை கழட்டி மாட்டினேன். சோறு எறங்கலை. நாப்பத்தொன்பது வருசத்துல இப்படி ஒரு கோளாறு நான் பாத்ததில்லை. நான் ஏறினா நிக்குது, டீச்சரம்மா ஏறினா ஆடுது.

கோளாறு எங்க இருக்குதுன்னு தேடறதுக்காக அவங்களும் வண்டியை எங்கெங்கயோ கொண்டுட்டுப் போனாங்க. கொடிவேரி அணை. பவானிசாகர். ஒருநாள் பவானி கூடுதுறை. ‘குறிப்பு’க் கட்டம் பெருசாகிக்கிட்டே போகுது, வோல்ட்டுக் கட்டம் சின்னதாகிக்கிட்டே போகுது. ‘அணையில் மீன் வறுவல். ராக்கியப்பன் முள் எடுத்துக் கொடுத்தார். 15.9’. மீன் திங்கறப்போ இஞ்சின் எதுக்குங்க ஓடிச்சு? நான் கேட்டேன். டீச்சரம்மா, “வண்டி நிக்கறப்போ ஐடிலிங்லயும் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க” ன்னாங்க. சொன்னேனான்னு எனக்கே ஞாபகமில்லை.

அப்பறந்தானுங்க எனக்குப் புடிபட்டுது. கோளாறு வண்டியில இல்லை, கண்ணுல. வயசாச்சில்லைங்களா, அவங்களுக்கு முள்ளு ரெண்டு ரெண்டாத் தெரியுது. அதை எப்படி அவங்க முகத்துக்கு நேராச் சொல்றது? பொடி வெச்சுச் சொன்னேன், “டீச்சரம்மா, கண்ணாடி மாத்தி நாளாச்சுங்களா?” ன்னு.

“ஆமாங்க அண்ணா. ரொம்ப நாளா சரியாப் பாக்காமயே விட்டுட்டேன்” னாங்க. சொல்றப்போ என்னையப் பாக்கலை. டயரு மாத்திக்கிட்டிருந்த ராக்கியப்பனைப் பாத்துச் சொன்னாங்க. பாத்தீங்களா, ஆளு எங்க நிக்கறாங்கன்னுகூடத் தெரியலை, அவ்வளவு மங்கல்.

கார்த்திகை தீபம் வந்துது. லோகநாதன் காலையிலயே கடைக்கு வந்துட்டான், கையில அவனே ஒரு டிஜிட்டல் மீட்டரு. கொஞ்ச நேரத்துல அம்பாசிடர் வந்து நின்னுது. டீச்சரம்மா முன்சீட்டுல இருந்து எறங்கறாங்க. அவன் மொகம் சுருங்கிருச்சு.

“அங்க எதுக்கு அக்கா உக்காந்திருக்கறே?”

“மீட்டர் பாக்க.”

தன்ற மீட்டரை வெச்சுப் பாக்கறதுக்கு முன்னால நோட்டை வாங்கினான். பொரட்டிப் பொரட்டிப் பாத்தான். குறிப்பெல்லாம் படிக்கலை, மேனேஜரு, நம்பரை மட்டும்தான் பாப்பான். “இன்னைக்கு வரைக்கும் ஆடுது. அப்போ சரியாகலை. நான் சொன்னதுதான். இவன்தான் ஏதோ பண்றான்.” பாக்கெட்டுல இருந்து மடிச்ச காகிதத்தை எடுத்தான். புகாரு, எழுதியே கொண்டாந்திருக்கறான்.

ராக்கியப்பன் கையில இருந்த துணி நின்னுபோச்சுங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அந்தக் கழுத்தைப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிருச்சு. நான் பொய் சொல்லுவேன் தம்பி, யானை விசயமெல்லாம் பேசுவேன், ஆனா ஒருத்தன் தலைமேல திருட்டுப் பட்டம் ஏறுறதை நின்னு பாக்க மாட்டேன். சந்தனத்தைச் சொல்லிப்போடலாம், ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்னு முன்னால வந்தேன். “தம்பி, அந்த எர்த்துல நாந்தான்...”

“நாச்சிமுத்தண்ணா, நீங்க சித்த சும்மா இருங்க” ன்னாங்க டீச்சரம்மா. வகுப்புல சொல்ற மாதிரி. நான் கையைக் கட்டிக்கிட்டேன்.

“லோகு, அந்தக் காகிதத்தை உள்ள வெய்யி. நாளையிலிருந்து டிரைவர் வேலைக்கு வரவேண்டாம்னு நானே இவர்கிட்டச் சொல்லிட்டேன்.”

லோகநாதன் மொகம் மலந்துபோச்சு. “இப்படிச் சொல்லு அக்கா. இதைத்தான் நான் அன்னைக்கே...”

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம். நோட்டீஸ் குடுத்து முப்பது நாள் நேத்தோட முடிஞ்சுது. வர்றதா இருந்தா நீயும் வா, சாப்பாடு இருக்கு.”

பம்பு நின்னுபோச்சுங்க. சுவிட்சை அமத்தின மாதிரி. வாய் தெறந்திருக்குது, தண்ணி வரலை. அப்பறம் “டிரைவரையா?” ன்னான்.

“இல்லை. வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு இப்பத்தானே சொன்னேன்.”

“வண்டி? பார்ட்டி காத்துக்கிட்டிருக்குதே.”

“ஆடற வண்டியை எப்படிடா விக்கறது?” னு கேட்டாங்க. ராக்கியப்பனைப் பாத்து, “நீங்க ஏறுங்க. காதுல கேட்டுச்சா? வலது பக்கம் வந்து சொல்லட்டுமா?” ன்னாங்க. அவனுக்குக் கேட்டுச்சுன்னுதான் நெனைக்கறேன். கண்ணைத் தொடைச்சுக்கிட்டுத்தான் சாவியைப் போட்டான்.

நோட்டீஸு அந்த ஆபீஸு போர்டுலயே முப்பது நாள் ஒட்டியிருந்துதாமுங்க. நான் தினமும் அந்த போர்டுகிட்ட நின்னுதான் டீ குடிக்கறேன். எனக்குக் கண்ணு கழுகாட்ட இருக்குது, கண்ணாடியே போடறதில்லை, ஆனா எழுத்து ரொம்பப் பொடிசு.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் ரெண்டு பேரும் பண்ணாரிக்குப் போற வழியில கடைக்கு வந்தாங்க. டீச்சரம்மா முன்சீட்டு. இப்போ அதுல டிபன் கேரியரு இல்லை, அவங்க மடியில இருந்துது. நான் பயந்துக்கிட்டேதான் கேட்டேன், “சார்ஜு எப்படிங்க இருக்குது?” ன்னு.

“பதினாலு பாயிண்ட் ரெண்டுங்க அண்ணா. அசையவே இல்லை.”

எனக்கு எவ்வளவு நிம்மதின்னு உங்களுக்குத் தெரியாது. கண்ணாடி மாத்தினதும் சரியாயிருச்சு பாருங்க. அது என் யோசனை. முன்சீட்டும் என் யோசனை. எர்த்தைக் கண்டுபுடிச்சதும் நானு. அறுபது வயசுல ரெண்டு பேரை ஒண்ணு சேத்து வெச்சது ஆருன்னு நெனைக்கறீங்க? அவங்களுக்கே தெரியாது. பாவம், தானா நடந்துதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறாங்க.

ஆனா லோகநாதன் சும்மா இல்லீங்க. எங்கக்காளை முன்சீட்டுல ஏத்துனவன் ஆருன்னு ஊரெல்லாம் விசாரிக்கறானாம். போன வாரம் கடைக்கே வந்து எங்கிட்டயே கேட்டான். நான் அந்தியூருல ஒரு ஒத்தைக் கண்ணு மெக்கானிக்கைக் கைகாட்டி விட்டிருக்கறேன். அப்படி ஒரு ஆளு அங்க இல்லை, தேடட்டும்.

அட, அரியப்பம்பாளையம் வந்துருச்சு. நான் இங்கயே எறங்கோணும். தம்பி, இந்தப் பையைச் சித்த எடுத்துக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க ஆருகிட்ட வேணும்னாலும் இதைச் சொல்லுங்க, நல்ல விசயம்தானே. ஆனா சொன்னது ஆருன்னு கேட்டா பஸ்ஸுல ஒரு அம்மிணி சொன்னாங்கன்னு சொல்லிப்போடுங்க. பேரு கேட்டா தெரியலைன்னுருங்க. கண்டக்டரே, ஒரு நிமிசம் நிறுத்துங்க, எறங்கறதுக்கு ஆள் இருக்குது. நீங்க எதும் கேக்கலைங்க, கேட்டீங்களா?